தெருமரம் ஒன்று, 52 வாரம்: பார்த்துக் குறித்து வைக்க ஒரு வழிகாட்டி

ஒரு மரத்தை ஓராண்டு முழுக்கக் கவனிக்க வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் தெருவில் நிற்கும் மரம் காட்டு மரத்தைப்போலப் பருவத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதல்ல. விளக்குக் கம்பம், கசியும் குழாய், கிளை வெட்டுகிறவர்களின் அரிவாள், எதிர்க் கட்டடத்துக் கண்ணாடி என்று பலதும் அதன் இலையிலும் பூவிலும் கை வைக்கின்றன. இலை கொட்டிவிட்டது, சரி. கொட்ட வைத்தது பருவமா, தெருவா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் அளவுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

எந்த மரம்?

அழகான மரத்தைத் தேடி அலைய வேண்டாம். வாரத்தில் நாலைந்து நாள் எப்படியும் கடந்து போகிற வழியில் நிற்கும் மரம்தான் நல்ல மரம். அரை மணி நேரம் நடந்து போய்ப் பார்க்க வேண்டிய மரத்தை மழை பிடித்ததும் கைவிட்டுவிடுவீர்கள்.

அடியிலிருந்து உச்சி வரை ஒரே பார்வையில் தெரியும்படி நிற்க ஓர் இடம் வேண்டும். அது வண்டி வராத இடமாக இருக்க வேண்டும். ஒரு கிளையாவது கைக்கு எட்டினால் நல்லது. மின்கம்பிக்கு நேர் கீழே நிற்கும் மரம் வேண்டாம். அதை அடிக்கடி கழிப்பார்கள். நீங்கள் எழுதுவது வெட்டுக்கத்தியின் நாட்காட்டியாக இருக்கும்.

மரம் பூத்துக் காய்க்கும் வயதை எட்டியதா என்பதை அதன் அடியில் பார்த்தே அறியலாம். பழைய நெற்று, கொட்டை, பழக்காம்பு ஏதாவது மண்ணில் கிடக்கும். பல நாள் பார்த்தும் ஒன்றுமே இல்லையென்றால் மரம் இளசாக இருக்கலாம், அல்லது ஆண் மரமாக இருக்கலாம். பனை, பெருமரம், கிங்கோ போன்றவற்றில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரம் பூக்கும், ஆயுளுக்கும் காய்க்காது. இது தெரியாமல் காய்க்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.

முதல் மரமாக ஆல், அரசு, அத்தி வகை வேண்டாம் என்போம். அத்தி பூத்தாற்போல என்று சொல்கிறோமே, அதன் பூ உண்மையில் பழம்போலத் தெரியும் அந்த உருண்டைக்குள்ளேயே பூத்து முடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்து “பூ” என்ற கட்டத்தை நிரப்ப வழியே இல்லை. புங்கை, வேம்பு, சரக்கொன்றை, நாட்டு வாதுமை ஆகியவை தொடங்குகிறவருக்கு எளியவை. குளிர்நாட்டில் இருந்தால் மேப்பிள் நல்ல தேர்வு.

மரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் தொடங்கலாம். இலையின் மேல்புறம், அடிப்புறம், அது காம்பில் அமைந்த விதம், பட்டை, கிடைத்தால் பூவும் காயும் என்று தனித்தனிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு விசாரித்தால் பெயர் கிடைத்துவிடும். இலை ஒன்றை மட்டும் காட்டிக் கேட்டால் தவறான பெயர் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

முதல் நாள்

ஒரு நோட்டு, பென்சில், தையற்காரர் அளவு நாடா, கொஞ்சம் கயிறு, போன். பேனா மழையில் கரையும், பென்சில் கரையாது. இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் உச்சிக் கிளை மொட்டைப் பார்க்க உதவும். இல்லையென்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் காரியம் நடக்கும்.

முதலில் அடையாளம். தெரு, மரத்துக்கு அருகில் உள்ள மாறாத பொருள், அதிலிருந்து எத்தனை தப்படி, எந்தத் திசை என்று எழுதி, மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு சின்னப் படம் வரையுங்கள். விளக்கு, சாக்கடை, சுவர், கம்பி எல்லாம் அந்தப் படத்தில் இடம்பெற வேண்டும். பின்னால் ஒரு பக்கம் மட்டும் ஏன் துளிர்த்தது என்று மண்டையைக் குடையும்போது இந்தக் கிறுக்கல்தான் கைகொடுக்கும்.

அடுத்து சுற்றளவு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைத் தண்டுக்குக் குறுக்கே மட்டமாகச் சுற்றுங்கள். நாடா சாய்ந்தால் அளவு கூடிவிடும். நாடா போதாவிட்டால் கயிற்றைச் சுற்றிக் குறியிட்டு, கயிற்றை அளந்துகொள்ளலாம். சரிவான இடமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். 1.3 மீட்டருக்குக் கீழேயே மரம் இரண்டாகக் கவைத்திருந்தால், கவைக்குக் கீழே மிக ஒடுங்கிய இடத்தில் அளந்து, அந்த உயரத்தையும் எழுதி வையுங்கள். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம்: 100 செ.மீ. சுற்றளவுள்ள மரத்துக்கு ஏறக்குறைய 32 செ.மீ. ஆண்டுக்கு ஒருமுறை அளந்தால் போதும், ஆனால் அதே மாதத்தில் அளக்க வேண்டும். மழைக்காலத்தில் பட்டை நீர் குடித்துச் சற்று உப்பும், வறட்சியில் சுருங்கும். கோடையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை அளந்துவிட்டு மரம் கிடுகிடுவென வளர்ந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அளக்கும் இடத்தைக் காட்ட ஆணி அடிக்காதீர்கள். உயரத்தை எழுதி வைத்தாலே போதும்.

உயரத்துக்கு ஒரு குச்சி போதும். கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரை உள்ள தூரம் எவ்வளவோ அதே நீளம் கைப்பிடிக்கு மேலே தெரியுமாறு குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் நுனி மர உச்சியையும் கைப்பிடி மரத்தின் அடியையும் தொடுவதுபோலத் தெரியும் வரை பின்னால் நகருங்கள். அந்த இடத்திலிருந்து மரம் வரையுள்ள தூரமே மரத்தின் உயரம். ஓரிரு மீட்டர் பிசகும், பரவாயில்லை. பின்னால் நகர்வது தெருவில் என்பதால் கூட ஓர் ஆள் இருப்பது நல்லது.

கடைசியாகப் படம் எடுக்கும் இடம். ஆண்டு முழுக்க இந்த இடம் மாறக் கூடாது. சாக்பீஸ் குறி ஒரு மழைக்கே அழிந்துவிடும். பாதாளச் சாக்கடை மூடி, நடைபாதைக் கல்லின் மூலை போன்ற ஒன்றைக் குறியாக வைத்து, அதன் மேல் கால் வைத்து எடுங்கள். படத்தின் இடது ஓரம் எந்தக் கம்பத்தைத் தொட வேண்டும், கீழ் ஓரம் எங்கே வர வேண்டும் என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். போனில் பெரிதாக்கமும் வேண்டாம், அகலக் கோணமும் வேண்டாம். அகலக் கோணம் உச்சியை இழுத்து மரத்தின் உருவத்தையே மாற்றிவிடும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் நேரமாகப் பாருங்கள். எதிர்வெயிலில் தளிரும் சருகும் ஒரே கறுப்பாகத் தெரியும்.

எதைக் குறிப்பது

தமிழில் இந்த வேலைக்கான சொற்கள் முன்பே தயாராக இருக்கின்றன. புதிதாக உருவாக்கத் தேவையில்லை. இலைக்குக் கொழுந்து, தளிர், முற்றிய இலை, பழுப்பு, சருகு. பூவுக்கு அரும்பு, மொட்டு, மலர், வாடல். காய்க்குப் பிஞ்சு, காய், பழம் அல்லது நெற்று. இவற்றுள் தொடங்குகிறவருக்கு ஏழு போதும்: தளிர், முற்றிய இலை, பழுப்பு, மொட்டு, பூ, காய், பழம்.

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை ஒரு எண். மரத்தில் இல்லவே இல்லை என்றால் 0. கிளைப்பரப்பில் கால் பங்குக்குள் 1, கால் முதல் அரை வரை 2, அரை முதல் முக்கால் வரை 3, அதற்கு மேல் 4. கண்ணளவில் கால், அரை என்று சொல்வது கடினமாக இருந்தால், மரத்தை நான்கு திசைக்கு நான்கு கூறாக மனத்தில் பிரித்துக்கொண்டு சுற்றி வாருங்கள். ஒரே பக்கம் நின்று பார்த்து எண் போடுவதுதான் முதல் மாதத்தில் எல்லாரும் செய்யும் பிழை. வெயில் படும் பக்கம் பெரும்பாலும் முந்திக்கொள்ளும்.

0 என்பதும் ஒரு தகவல். பூ இல்லை என்று பார்த்து எழுதியதும், அந்த வாரம் பார்க்கவே இல்லை என்பதும் வேறு வேறு. பார்க்காத வாரத்துக்குக் கோடு போடுங்கள்; “போன வாரம்போலத்தான் இருந்திருக்கும்” என்று நிரப்பாதீர்கள். கோடு பத்து இருந்தாலும் நோட்டு பயன்படும். இட்டு நிரப்பிய எண் ஒன்று இருந்தால்கூட மற்றவற்றின் மேலும் ஐயம் விழும்.

முதல் பூ, முதல் தளிர் என்று தேதி குறிக்கும் முன் “முதல்” என்றால் என்ன என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு பூ மட்டும் காலம் தவறி விரிவது சகஜம். வெவ்வேறு கிளைகளில் மூன்று பூவாவது முழுதாக விரிந்த நாளே முதல் நாள் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு வரையறை வைத்தாலும் சரிதான். நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் மரம் துளிர்க்கும் நாள், பறவை வரும் நாள் போன்றவற்றை எழுதத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். ஒரே இடத்தில் ஒரே வகைக் குறிப்பு இருநூறு ஆண்டுக்கு மேல் நீண்டதால்தான் இன்றும் அதை எடுத்து ஆராய முடிகிறது. அவரிடம் விசேஷக் கருவி எதுவும் இல்லை.

வாரக் குறிப்பு

வாரத்தில் ஒரு கிழமையை நிச்சயித்துக்கொள்ளுங்கள். மொட்டு கட்டியதும், இலை பழுக்கத் தொடங்கியதும் வாரம் இருமுறையாக்குங்கள். புங்கையும் வேம்பும் இலை மாற்றும்போது பத்து நாளில் மரமே வேறாகிவிடும். ஒரு வாரம் தவறினால் பாதிக் கதை போய்விடும்.

நேரம் முடிந்தவரை காலை, தெரு கூட்டுவதற்கு முன்பு. தரையில் உதிர்ந்து கிடப்பதுதான் உச்சியில் என்ன நடக்கிறது என்பதற்குச் சாட்சி. துடைப்பம் வந்து போனபின் சாட்சி குப்பை வண்டியில் இருக்கும். மரமல்லி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரவில் விரிந்து விடியலில் உதிர்ந்துவிடும். நண்பகலில் கிளையை மட்டும் அண்ணாந்து பார்க்கிறவர் பூவைக் குறைத்து எழுதிவிடுவார். நடைபாதையில் மூன்று கற்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றின் மேல் விழுந்த பூ எத்தனை, பிஞ்சு எத்தனை என்று எண்ணினால் கண்மதிப்புக்குத் துணையாக ஓர் எண் கிடைக்கும். பிஞ்சு உதிர்வதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தாங்க முடிந்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தை மரமே தள்ளிவிடும்.

ஒரு வாரக் குறிப்பு இப்படி இருக்கலாம்:

“வாரம் 14. காலை 6.40. தளிர் 3, முற்றிய இலை 1, பழுப்பு 0, மொட்டு 2, பூ 0, காய் 1 (பழையது), பழம் 0. விளக்குப் பக்கக் கிளை மட்டும் பின்தங்கியிருக்கிறது. கடைசி மழை 40 நாள் முன்பு. தெரு கூட்டவில்லை.”

இதற்கு மேல் எழுத ஆசை இருந்தால் எழுதலாம், ஆனால் எண்ணை முதலில் எழுதுங்கள். வர்ணனையில் இறங்கினால் எண் மறந்துபோகும். கடைசி மழை என்றைக்கு என்ற குறிப்பை விடாதீர்கள். வெப்ப நாடுகளில் சில மரங்கள் மழைக்குக் காத்திராமல் காய்ச்சலான வெயிலிலேயே துளிர்ப்பதை அந்த ஒரு வரிதான் காட்டும்.

ஒரு கிளையை மட்டும் நெருக்கமாக

மரம் முழுவதற்கும் கண்மதிப்பு. கைக்கெட்டும் ஒரு கிளைக்கு மட்டும் துல்லியம். ஒரு குச்சியில் பருத்தி நூலைத் தளர்வாகக் கட்டுங்கள், நூலுக்கும் குச்சிக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் குச்சி பருக்கும்போது நூல் பட்டைக்குள் இறங்கிக் குச்சியை நெரித்து நுனியையே காயவைத்துவிடும். நூலிலிருந்து நுனி வரை உள்ள இலைகளில் பத்தின் அடியில் அழியாத மையால் ஒரு புள்ளி வையுங்கள். வாரந்தோறும் பத்தில் எத்தனை மிச்சம் என்று எண்ணி வந்தால், அந்த மரத்தின் இலை எத்தனை மாதம் உயிர் வாழ்கிறது என்பது தெரிந்துவிடும். புத்தகம் பார்க்காமல் நீங்களே கண்டறியும் முதல் விஷயம் இதுவாக இருக்கும். ஆண்டு முடிந்ததும் நூலை அவிழ்த்துவிடுங்கள்.

குளிர்நாட்டில் மொட்டையாக நிற்கும் மாதங்களிலும் இந்தக் குச்சியில் வேலை உண்டு. நுனிமொட்டின் செதில்கள் உதிரும்போது குச்சியைச் சுற்றி நெருக்கமான வளையத் தழும்பு விழும். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நீளம் ஓராண்டு வளர்ச்சி. நுனியிலிருந்து பின்னோக்கி நாலைந்து ஆண்டுவரை அளந்துவிடலாம்.

எங்கே ஏமாறுவோம்

சிவப்பைக் கண்டதும் இலை பழுத்துவிட்டது என்று எழுதுவது முதல் ஏமாற்றம். அரசின் தளிர் செம்புநிறம், மாந்தளிரும் அப்படித்தான். பச்சையம் முழுதாகச் சேரும் முன் ஆந்தோசயனின் என்னும் நிறமி தெரிகிறது. நாட்டு வாதுமையிலோ உதிரப்போகும் கிழ இலைதான் சிவக்கும். தொட்டுப் பார்த்தால் குழப்பமில்லை. தளிர் மெல்லிதாய்த் துவண்டு பளபளப்பாகக் குச்சியின் நுனியில் இருக்கும். கிழ இலை தடித்து விறைத்து, நுனியை விட்டுத் தள்ளி இருக்கும். லேசாக இழுத்தாலே கையோடு வரும்.

பழைய காய் அடுத்தது. புங்கங்காய் முற்றப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். தூங்குமூஞ்சி, சரக்கொன்றை ஆகியவற்றின் நெற்றும் அடுத்த பூ வரும் வரை தொங்கிக்கொண்டிருக்கும். பூவும் முற்றிய நெற்றும் ஒன்றாகத் தெரிந்தால், அந்த நெற்று இந்தப் பூவின் பிள்ளையல்ல, போன ஆண்டுப் பூவின் பிள்ளை. ஆகவேதான் மேலே “பழையது” என்று தனியாகக் குறித்தோம்.

காயே இல்லாததைக் காய் என்று எழுதுவதும் நடக்கும். புங்க இலையில் விரல்விரலாக எழும்பி நிற்பது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் உண்டாக்கும் முடிச்சு. ஏழிலைப்பாலையின் இலையில் கொத்துக் கொத்தாய் உருளும் பச்சைக் கட்டிகளும் பூச்சியின் வேலைதான். அதன் உண்மையான காய் நூல்போல நீண்டு இரட்டை இரட்டையாகத் தொங்கும்.

புல்லுருவி பெரிய ஏமாற்றுக்காரன். மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது ஒரு கிளையில் மட்டும் தடித்த பச்சை இலை, போதாக்குறைக்குக் குழல்போன்ற பூ என்றால் அது உங்கள் மரத்தின் பூவாக இருக்க வாய்ப்பில்லை. இலையின் வடிவத்தைக் கீழ்க்கிளையோடு ஒப்பிடுங்கள். கிளைக்கவையில் பறவை எச்சத்திலிருந்து முளைத்த அரசங்கன்றும் இப்படிக் குழப்பும்.

தூங்குமூஞ்சி, வாகை ஆகியவற்றை மாலையில் பார்த்து எண் போடாதீர்கள். இலைகளை மூடிக்கொண்டுவிடுவதால் பாதி இலை உதிர்ந்ததுபோலத் தெரியும். தூங்குமூஞ்சி கனத்த மேகத்துக்கும் மூடிக்கொள்ளும்.

பருவமா, தெருவா?

இதை ஒரே நாளில் தீர்க்க முடியாது, ஆனால் சில தடயங்கள் உண்டு. பருவம் செய்வது பொதுவாக மரம் முழுவதும் தெரியும்; ஒரே தெருவில் உள்ள அதே இன மரங்கள் எல்லாவற்றிலும் முன்பின்னாகத் தெரியும். தெரு செய்வது ஒரு பக்கம், ஒரு கிளை, ஒரு மரம் என்று நின்றுவிடும். ஆகவே அதே இனத்தில் இன்னொரு மரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நோட்டு வேண்டாம். ஐயம் வரும்போது எட்டிப் பார்த்தால் போதும்.

கிளை வெட்டிய இடத்தில் சில வாரத்தில் கொத்தாகப் போத்து கிளம்பும். இலை வழக்கத்தைவிடப் பெரிதாக, வெளிர் பச்சையாக, குச்சி நட்டுக்குத்தலாக இருக்கும். வெட்டியதற்கு மரம் கொடுக்கும் பதில் அது, பருவத் தளிர் அல்ல. வெட்டிய தேதியை எழுதி, போத்துக்குத் தனி வரி போடுங்கள். தளிர்க் கட்டத்தில் சேர்க்காதீர்கள். விடாமல் கழித்துக்கொண்டேயிருந்தால் பூக்கும் குச்சிகளே போய்விடும், அந்த ஆண்டு பூ குறைந்ததற்கு வானிலையைப் பழி சொல்லக் கூடாது.

தெருவிளக்கை ஒட்டிய கிளை, பகல் இன்னும் நீள்வதாக எடுத்துக்கொள்கிறது. குளிர்நாட்டு நகரங்களில் விளக்கைச் சுற்றி மட்டும் இலை உதிராமல் ஒரு பந்துபோல நிற்பதைக் காணலாம். விளக்கை மாற்றினாலும் குறித்து வையுங்கள். வறட்சியில் பக்கத்து மரங்கள் மொட்டையாகியும் ஒன்று மட்டும் இலையோடு நின்றால் அதன் அடியில் எங்கோ குழாய் கசிகிறதா என்று பாருங்கள்.

பள்ளம் தோண்டியதன் விளைவு உடனே தெரியாது. வேர் அறுந்து மாதக் கணக்கில் கழிந்தபின், சில வேளை அடுத்த வெயிலில், நுனிக் கிளைகள் காயத் தொடங்கும். அதற்குள் பள்ளத்தை மூடித் தளமும் போட்டிருப்பார்கள், யாருக்கும் நினைவிருக்காது. உங்கள் நோட்டில் தேதி இருக்கும். காய்ந்த கிளையில் சருகு உதிராமல் ஒட்டிக்கொண்டிருப்பது முக்கியமான தடயம்: இலையை உதிர்க்கக் காம்படியில் வெட்டு அடுக்கு உருவாக வேண்டும், உயிருள்ள கிளைதான் அதைச் செய்யும். ஓக், பீச் போன்ற சில மரங்கள் மட்டும் நலமாக இருந்தும் சருகைக் குளிர் முழுக்கச் சுமந்திருக்கும்.

ஆண்டு முடிந்ததும்

கட்டம் போட்ட தாளில் 52 பத்தி, ஏழு வரிசை. எண் கூடக் கூட நிறத்தை அழுத்தமாகத் தீட்டுங்கள். இலை கொட்டி எத்தனை வாரம் மரம் வெறுமையாக நின்றது, பூ தளிருக்கு முன்பா பின்பா, பூவுக்கும் முற்றிய காய்க்கும் எத்தனை வாரம் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். வெட்டு, பள்ளம், புயல், விளக்கு மாற்றம் ஆகிய நாட்களை மேலே அம்புக்குறியாகப் போட்டுவிடுங்கள். நிறம் எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கே அம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓராண்டை வைத்துக்கொண்டு “பருவம் தப்பிவிட்டது” என்று சொல்ல முடியாது. ஒப்பிட வேறு ஆண்டு வேண்டும். பல மரங்கள் ஓராண்டு கொட்டிக் காய்த்து அடுத்த ஆண்டு ஓய்வெடுக்கும். இரண்டாம் ஆண்டில் கட்டங்களை மாற்றத் தோன்றும். புதிதாகச் சேருங்கள், பழையதை நீக்காதீர்கள்.

நடுவில் மரம் சாய்ந்தாலோ வெட்டப்பட்டாலோ நோட்டை மூடிவிட வேண்டாம். தேதி, காரணம், அடிக்கட்டையின் சுற்றளவு, உள்ளே பொந்து இருந்ததா, வேர் எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்று எழுதி, கட்டையைப் படமெடுங்கள். வளையம் எண்ணலாம், ஆனால் வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் ஒரு வளையம் ஓராண்டு என்று இல்லை. தேக்கு போன்ற சிலவற்றில்தான் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். கட்டையிலிருந்து போத்து வருகிறதா, அதே குழியில் கன்று நடுகிறார்களா என்று வாரக் குறிப்பைத் தொடருங்கள். படம் எடுக்கும் இடம் மட்டும் அந்தச் சாக்கடை மூடியாகவே இருக்கட்டும்.